காவலுக்கு ஏர்டேல் நாய்: நசரத்பேட்டைக்கு ஒத்து வருமா?

"சார், ஏர்டேல் டெரியர்னு ஒண்ணு இருக்காமே? வாங்கிப் போட்டா திருடன் தெருப்பக்கமே வர மாட்டானாமே?"

நாய் வளர்க்கிறவன்னு எங்க ஏரியாவுல என் மேல ஒரு முத்திரை விழுந்துடுச்சு. அதனால இந்த மாதிரிக் கேள்வி அடிக்கடி வரும். இதைக் கேட்டவர் புது மனையில வீடு கட்டி வந்தவர். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலை, வாரம் விட்டு வாரம் நைட் ஷிஃப்ட். அந்த நேரத்துல வீட்டுல மனைவியும் ஆறு வயசுப் பொண்ணும் மட்டும்தான். சுத்தி நாலு காலி மனை. ரெண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுல போர் மோட்டாரையே கழட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. அவர் பயம் நியாயமான பயம். அதனால சிரிச்சு மழுப்பாம விவரமாவே எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

டெரியர் என்றாலே மடியில் வைத்துக் கொஞ்சும் குட்டி நாய்தான் பலருக்கு ஞாபகம் வரும். ஏர்டேல் அப்படி இல்லை. தோள் உயரமே கிட்டத்தட்ட இரண்டடி. 'டெரியர்களின் ராஜா' என்று பட்டப்பெயர். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், ஏர் ஆற்றுப் பள்ளத்தாக்கில், 19ஆம் நூற்றாண்டின் நடுவில் உருவான இனம். ஆற்றங்கரையில் நீர்நாயும் எலியும் பிடிக்க அங்கிருந்த உழைப்பாளி ஜனங்கள் வளர்த்தது. நீர்நாய் வேட்டைக்குப் போகும் நாயின் மோப்பமும் டெரியரின் பிடிவாதமும் ஒரே உடம்பில்.

காவல் வேலையில் அதற்கு நல்ல பேர் உண்டு, மறுக்கவே மாட்டேன். 1908இல் ஹல் துறைமுகத்தில் நார்த் ஈஸ்டர்ன் ரயில்வேயின் போலீஸ் காவலுக்குப் பழக்கியது ஏர்டேல்களைத்தான். முதல் உலகப் போரில், ரிச்சர்ட்சன் என்ற ராணுவ அதிகாரி ஷூபரினஸ் என்ற ஊரில் 1917இல் போர் நாய்ப் பள்ளி தொடங்கினார். அங்கே பழகிய ஏர்டேல்கள் குண்டு மழைக்கு நடுவே செய்தி சுமந்து ஓடின. ஜெர்மனியிலும் வேலைக்கு ஏற்ற நாய்களின் வரிசையில் ஏர்டேலுக்கு இடம் உண்டு.

ஆக, ஏர்டேலால முடியுமான்னு கேட்டா, தாராளமா முடியும். நம்மால முடியுமாங்கிறதுதான் கேள்வி.

அந்த ஹல் துறைமுக நாய்களையே எடுத்துக்குங்க. அவற்றை ராத்திரியில் மட்டும்தான் வேலைக்கு விட்டார்கள். போலீஸ் சீருடை போட்டவரைக் காப்பாற்று, மற்றவரைப் பிடி, இதுதான் பாடம். அந்தப் பாடம் எவ்வளவு ஆழமாகப் பதிந்தது தெரியுமா? வளர்க்கிற போலீஸ்காரரே வீட்டில் சீருடை இல்லாமல் நாய்க்குச் சோறு வைக்க முடியவில்லையாம்! அந்த ரயில்வே போலீஸின் வரலாற்றிலேயே இது பதிவாகியிருக்கிறது. துறைமுகத்துக்கு அது சரி. ராத்திரி அங்கே சீருடை இல்லாமல் நடமாடுபவன் பெரும்பாலும் திருடன்.

நம்ம தெருவுல? காலையில பால்காரர், பேப்பர் பையன், தண்ணி கேன், அப்புறம் கேஸ் சிலிண்டர், கரண்ட் ரீடிங் எடுக்க வர்றவர், கூரியர், வேலைக்கு வர்ற அக்கா. சாயங்காலம் பொண்ணோட விளையாட வர்ற நாலு வாண்டுங்க. இவங்கள்ல யாருக்குங்க சீருடை? பாதி நேரம் கேட்டும் திறந்தேதான் கிடக்கும். கடிக்கப் பழகின நாய்க்கு இதுல யார் நல்லவன், யார் கெட்டவன்னு பக்கத்துல நின்னு சொல்ல ஆள் வேணும். அந்த ஆள் அந்த நேரத்துல ஸ்ரீபெரும்புதூர்ல மிஷினோட மல்லுக்கட்டிக்கிட்டு இருப்பார்!

நல்ல பயிற்சியில் கடிக்கச் சொல்லித் தருவது சின்னப் பகுதி. ஜெர்மன் முறைத் தேர்வில் மோப்பம், கீழ்ப்படிதல், பாதுகாப்பு என்று மூன்று பகுதிகள். பாதுகாப்புப் பகுதியிலும், 'விடு' என்று சொன்ன மாத்திரத்தில் நாய் பிடியை விட்டாக வேண்டும். விடாத நாய் தேறாது. ஆனால் நம் பக்கம் 'காவல் ட்ரெய்னிங்' என்ற பெயரில் சிலர் செய்வது வேறு. குட்டியை இருட்டறையில் அடைப்பது, குச்சியால் குத்தி வெறியேற்றுவது, யாரோடும் பழக விடாமல் வைப்பது. இதனால் நாய்க்கு வருவது தைரியம் இல்லை, பயம். பயந்த நாய் திருடனைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் போகும், பந்தெடுக்க வந்த குழந்தையைக் கண்டால் பாயும்.

அப்படி ஏதாவது ஆனா, "நாய்தானே, அதுக்கு என்ன தெரியும்"னு தப்பிக்க முடியாது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவுப்படி, வளர்ப்பு விலங்கால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கடிபட்ட குழந்தையின் முகத்துத் தழும்புக்கு எந்தப் பிரிவு இருக்கு, சொல்லுங்க?

அடுத்தது நம்ம வெயில். ஏர்டேலுக்கு இரட்டை ரோமம்: மேலே கம்பி மாதிரி, உள்ளே மெத்தென்று. யார்க்‌ஷயர் குளிருக்கு அது கம்பளி. சித்திரை வைகாசியில் நாற்பது டிகிரியைத் தாண்டும் நம்ம ஊரில்? கொட்டுவது குறைவுதான், ஆனால் செத்த முடியை அவ்வப்போது கையால் பறித்து எடுக்க வேண்டும். அதற்குப் பழகிய ஆளைத் தேடி அலையணும். அந்த அடர்ந்த ரோமத்துக்குள்ளே உண்ணி புகுந்தால் கண்ணுக்கே தெரியாது. காலி மனைப் புல்லில் உண்ணிக்கா பஞ்சம்? உண்ணிக் காய்ச்சல் எத்தனை நாயைச் சாய்த்திருக்கிறது என்று வேப்பேரி கால்நடை மருத்துவமனை வரிசையில் ஒரு நாள் நின்று பாருங்கள், தெரியும்.

உடனே "அப்போ நம்ம ராஜபாளையம், கோம்பை?"ன்னு கேப்பீங்க. பெருமையான இனங்கள்தான். 2005இல் தபால் துறை வெளியிட்ட நாய் ஸ்டாம்ப் வரிசையில் ராஜபாளையமும் உண்டு. வெயில் தாங்கும், ரோமமும் குட்டை. ஆனால் அது வேட்டை நாய். ஓட இடம் வேணும். வீட்டு ஆட்களிடம் உயிராக இருக்கும், அந்நியர் தொட்டால் பிடிக்காது. வெள்ளை நிறத்துக்காகவே நெருங்கின சொந்தத்துக்குள் இனம் சேர்த்ததால் காது கேட்காத குட்டிகளும் பிறக்கின்றன. தோப்பு, பண்ணை வீடு இருப்பவர் தாராளமாக வளர்க்கலாம். அரை கிரவுண்டில் வீடு போக மிச்சம் இருக்கும் நாலடிச் சந்தில் சங்கிலி போட்டு வளர்ப்பது பாவம். பாவம் மட்டுமில்லை, கட்டியே வைத்திருக்கும் நாய்க்கு நடை, ஓட்டம் கொடுக்காமல் விடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றம்.

சரி, பின்ன என்னதான் செய்யறது? நமக்கு வேணுங்கிறது கடிக்கிற நாய் இல்லைங்க, குலைக்கிற நாய். மோட்டார் திருட வர்றவன் சண்டை போட வர்றது இல்லை. சத்தமும் வெளிச்சமும் இருக்கிற இடத்தை விட்டுட்டு, இருட்டா இருக்கிற அடுத்த மனைக்குப் போயிடுவான். குலைக்கிறதுக்கு ஆயிரக்கணக்குல பணம் கொட்டி வெளிநாட்டு ரத்தம் எதுக்கு? நம்ம தெரு நாட்டு நாய்க்குட்டி ஒண்ணை எடுத்து வளருங்க. வெறிநாய்த் தடுப்பூசியை டாக்டர் சொல்ற தேதியில போட்டு, வருஷா வருஷம் தொடருங்க. கருத்தடை செஞ்சிடுங்க. தெரு ஜனங்களோட பழக விடுங்க. ராத்திரி வீட்டுக்குள்ள, வாசக்கதவு பக்கத்துல படுக்க வைங்க. புது ஆள் வாசனை வந்தா அது போடற சத்தத்துல தெருவே முழிச்சுக்கும்.

ஏர்டேலுக்கு எடுத்து வெச்ச காசு மிச்சம் இருக்குமே? காலி மனைப் பக்கம் ஆள் வந்தா எரியற விளக்கு ஒண்ணு, மோட்டாருக்குப் பூட்டோட இரும்புக் கூண்டு, கேட்டுக்கு நல்ல தாழ்ப்பாள். அப்புறம் பக்கத்து நாலு வீட்டு போன் நம்பர். இந்த நம்பர்தான் ரொம்ப முக்கியம். நசரத்பேட்டையில வயல் மனையாகி, வெளிவட்டச் சாலை வந்து, ஆளுக்கொரு மூலையில இருந்து வந்து குடியேறிட்டோம். எதிர்வீட்டுக்காரர் பேர்கூடத் தெரியாம வாழறோம். நாய் குலைச்சா, "என்னக்கா சத்தம்?"னு லைட்டைப் போட்டுட்டு வெளிய வர ஒரு மனுஷனாவது வேணும். அவர் வரலைன்னா ஏர்டேல் மட்டும் என்ன பண்ணும், பாவம்!