கழுத்தில் கிடப்பது துண்டா, பொறுப்பா?

இளைஞனே! உன் கழுத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துண்டு கிடக்கிறது. 'அரபு ஷால்' என்று கடைக்காரர் சொன்னார், வாங்கிப் போட்டுக்கொண்டாய். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைக் கட்டியவர்கள் எதற்காகக் கட்டினார்கள் என்று என்றைக்காவது கேட்டதுண்டா?

அதன் பெயர் கஃபிய்யா. ஃபலஸ்தீனக் குடியானவன் வெயிலுக்கும் புழுதிக்கும் தலையில் கட்டிய துணி. நகரத்துக் கனவான்கள் அதை நாட்டுப்புறத்தான் உடை என்று ஒதுக்கினார்கள். அவர்கள் தலையில் இருந்தது துருக்கித் தொப்பி!

1936-ல் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துக் கிளர்ச்சி வெடித்தது. கிராமத்துப் போராளிகள் நகருக்குள் வந்தால் கஃபிய்யாவே அவர்களைக் காட்டிக்கொடுத்தது. 1938-ல் கிளர்ச்சித் தலைமை ஆணையிட்டது: நகரத்து ஆண்களும் தொப்பியைக் கழற்றிவிட்டு கஃபிய்யா கட்ட வேண்டும்! நகரங்கள் கட்டின. போராளி யார், கடைக்காரர் யார் என்று தலையைப் பார்த்துச் சொல்ல முடியாமல் போயிற்று.

கவனித்தாயா? எவனும் தனியாகப் பிடிபடக் கூடாது என்பதற்காக அன்று எல்லோரும் கட்டினார்கள். நாலு பேர் நடுவில் நான் தனியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக இன்று நீ கட்டுகிறாய். துணி அதே துணி. பொருள் தலைகீழ்!

இந்தத் தலைகீழ் வேலையைச் செய்தது சந்தை. சந்தைக்குப் புரட்சியோடு பகை எதுவும் கிடையாது. புரட்சியின் படத்தை எடுத்துக்கொள்ளும்; புரட்சியைக் குப்பையில் போட்டுவிடும்.

சே குவேராவுக்கு நடந்ததும் இதுதான். 1960-ல் கியூபாவில் ஆல்பெர்டோ கோர்டா எடுத்த அந்தப் புகைப்படம் பனியனிலும் கோப்பையிலும் ஏறியது. கடைசியில் ஸ்மிர்னோஃப் ஓட்கா விளம்பரத்துக்கும் வந்து சேர்ந்தது! அதுவரை அந்தப் படத்துக்காகக் காசு கேட்காத கோர்டா, 2000-ல் சாராயத்தைப் பார்த்ததும் வழக்குத் தொடுத்தார். கிடைத்த 50,000 டாலரை கியூபாக் குழந்தைகளின் மருத்துவத்துக்கே கொடுத்துவிட்டார். படம் எடுத்தவருக்கு அதன் பொருள் தெரிந்திருந்தது. பனியன் போட்டவனுக்குத் தெரிந்ததா?

கஃபிய்யாவுக்கு வருவோம். 2021-ல் லூயி வித்தோன் நிறுவனம் கஃபிய்யா பாணியில் ஒரு ஷால் வெளியிட்டது. விலை 705 டாலர்! கண்டனம் எழுந்தபின் தன் இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டது. 2024 ஏப்ரலில் கனடாவின் ஒன்ராறியோ மாகாணச் சட்டமன்றத்தில் அதே கஃபிய்யாவுக்குச் சபாநாயகர் தடை விதித்தார். அரசியல் சின்னமாம்! அலமாரியில் தொங்கினால் நாகரிகம், பொருளோடு அணிந்தால் குற்றம். இந்த இரட்டை நியாயம் உனக்கு உறைக்கவில்லையா?

"அணிவதே ஆதரவுதானே?" என்று கேட்பாய். 2023 அக்டோபருக்குப் பிறகு உலகத்தின் வீதிகளில் காஸாவுக்காக கஃபிய்யாவோடு நின்றவர்களைப் பார். அப்படி நின்றதற்காகப் படிப்பையும் வேலையையும் இழந்தவர்கள் அவர்களில் உண்டு. துணிக்குப் போன உயிர் அவர்களால் திரும்பி வந்தது. நீ என்ன கொடுத்தாய்? துண்டின் விலையை மட்டும்தானே!

வணிகப் பெருமக்களே! உங்களிடமும் ஒரு சொல். அல்கலீல் நகரில் 1961 முதல் ஹிர்பாவி குடும்பத்தின் ஆலை கஃபிய்யா நெய்கிறது. வெளிநாட்டு மலிவுச் சரக்கு வந்து குவிந்தபோது அதன் தறிகள் பல ஓசையடங்கிக் கிடந்தன. ஃபலஸ்தீனின் சின்னம் விற்கிறது, ஃபலஸ்தீனின் தறி பட்டினி கிடக்கிறது! இது நியாயமான வியாபாரமா? மலிவுச் சரக்கு விற்பதை ஹராம் என்று நான் சொல்லவில்லை. எங்கே நெய்தது என்று விசாரித்து வாங்குங்கள். வாங்க வருபவனிடம் உண்மையைச் சொல்லி விற்றுக்கொடுங்கள். எடை குறைப்பது மோசடி என்றால், பொருளை மறைப்பதும் அதன் தம்பிதான்.

இளைஞனே, துண்டைக் கழற்று என்று உன்னிடம் கேட்கவில்லை. 1938-ல் அதைக் கட்டியவன் அடுத்தவன் உயிரைத் தன் தலையில் சுமந்தான். உன் தெருவில் ஒருவன் அநியாயமாகத் தனித்து நிறுத்தப்படும்போது, அவன் பக்கத்தில் போய் நில். அதற்குத் துணிவு இருந்தால் கட்டு. தாராளமாகக் கட்டு!