விவாகரத்துக்கு ஒரு பேட்டி

2022 டிசம்பரில் நாவலாசிரியர் எமிலி செயின்ட் ஜான் மாண்டெல் ட்விட்டரில் ஒரு வேண்டுகோள் வைத்தார். பேட்டி எடுக்கும் யாராவது ‘உங்களுக்கு விவாகரத்து ஆகிவிட்டதா?’ என்று தன்னைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். விக்கிப்பீடியா அவரை இன்னும் கல்யாணமானவராகவே வைத்திருந்தது. மாற்ற வேண்டுமானால் அவரே பேட்டியில் சொல்லி, அது வெளிவந்தாக வேண்டுமாம். ஸ்லேட் இதழ் கேட்டது, அவர் ஆமாம் என்றார், பக்கம் மாறியது. எல்லோரும் சிரித்தார்கள்.

சிரித்தவர்களின் வாதம் எளிமையானது. தன் வாழ்க்கையைப் பற்றித் தனக்குத் தெரியாதா? இதற்கு அவர்கள் காட்டும் மூத்த உதாரணம் பிலிப் ராத். ‘தி ஹ்யூமன் ஸ்டெயின்’ நாவலின் கோல்மன் சில்க், விமர்சகர் அனடோல் ப்ரோயார்டை வைத்து உருவானவர் என்று சொல்லப்படுவதாக அந்த நாவலின் விக்கிப்பீடியா பக்கத்தில் இருந்தது. இல்லை, விதை என் நண்பர், பிரின்ஸ்டன் சமூகவியலாளர் மெல்வின் டூமினுக்கு நேர்ந்த சம்பவம் என்றார் ராத். ஆசிரியரே சொன்னாலும் இரண்டாம் நிலை ஆதாரம் வேண்டும் என்று பதில் வந்தது. கோபத்தில் 2012 செப்டம்பரில் நியூயார்க்கர் தளத்தில் ஒரு நீண்ட திறந்த மடல் எழுதினார். ஊரே ராத் பக்கம் நின்றது.

நான் நிற்க மாட்டேன். விமர்சகர்கள் ப்ரோயார்டின் சாயலைக் கண்டது நடந்த விஷயம். அதைப் பதிவதுதான் கலைக்களஞ்சியத்தின் வேலை. ராத்தின் விளக்கத்தையும் பக்கத்திலேயே வைக்கலாம், ஆனால் அது தீர்ப்பு ஆகாது. ‘ஆசிரியன் இறந்துவிட்டான்’ என்று வருஷக்கணக்கில் கட்டுரை எழுதிவிட்டு, ராத் ஒரு கடிதம் போட்டதும் அவனை எழுப்பி உட்காரவைத்தால் எப்படி? நாளைக்கு ஒரு அமைச்சர் தன் பக்கத்திலிருந்து ஊழல் வழக்கை எடுக்கச் சொல்லும்போது, அவரும் ‘என் வாழ்க்கை எனக்குத் தெரியாதா’ என்றுதான் கேட்பார்.

ஆக, சம்பந்தப்பட்டவர் சொல்லை அப்படியே ஏற்காதது சரி. என் சண்டை அந்தச் சந்தேகம் பத்திரிகை வாசலில் செருப்பைக் கழற்றிவிடுவதோடுதான்.

2009 பிப்ரவரியில் குட்டன்பெர்க் ஜெர்மனியின் பொருளாதார அமைச்சரானார். ஏற்கெனவே ரயில் பெட்டிபோல நீளும் அவர் பெயரில், யாரோ விளையாட்டுக்கு ‘வில்ஹெல்ம்’ என்று ஒரு பெட்டியைக் கூடுதலாகக் கோர்த்துவிட்டார். பில்ட் அதை அச்சிட்டது, ஷ்பீகல் இணையதளமும் எழுதியது. விக்கிப்பீடியாவில் சந்தேகம் வந்து ஆதாரம் கேட்டபோது, நீட்டப்பட்டது அதே பத்திரிகைச் செய்தி. கோடு எழுதுகிறவர்களுக்குத் தெரிந்த வியாதி இது: ஒரு ஃபங்ஷன் இன்னொன்றைக் கூப்பிடும், அது திரும்ப முதலாவதைக் கூப்பிடும்.

ஒரு பெயர் கூடினால் குடி முழுகாது. ஆனால் வரலாற்றாசிரியர் தானெர் அக்சாம் 2007 பிப்ரவரியில் மான்ட்ரியல் விமான நிலையத்தில் இறங்கியபோது, ஏறக்குறைய நான்கு மணி நேரம் தடுத்துவைக்கப்பட்டார். அதிகாரி கையில் இருந்த தாள், அவரைத் தீவிரவாதி என்று யாரோ திருத்திவைத்த விக்கிப்பீடியா பக்கத்தின் பிரதி. எழுதியவர் பாட்டுக்கு எழுதிவிட்டுப் போயிருப்பார். விமான நிலையத்தில் உட்கார்ந்தது அக்சாம்.

இந்த வகைக் கொடுமைக்கு ஒரு விதி உண்டு. 2005-இல் பத்திரிகையாளர் ஜான் சீகன்தாலரைக் கென்னடி சகோதரர்களின் கொலையோடு முடிச்சுப்போட்ட ஒரு பொய்ப் பக்கம் நான்கு மாதத்துக்கும் மேல் அசையாமல் இருந்தது. இத்தனைக்கும் அவர் ராபர்ட் கென்னடியிடம் உதவியாளராக இருந்தவர். அந்த அவமானத்துக்குப் பிறகு பிறந்த விதி, வாழும் மனிதரைப் பற்றி ஆதாரமில்லாத சர்ச்சைத் தகவல் இருந்தால் உடனே நீக்கு என்கிறது. தரமான ஆதாரம் வேண்டும் என்றும் சொல்கிறது. நடைமுறையில் ஒரு நாளிதழின் சுட்டி இருந்தால் போதும், தரம் பற்றிய பேச்சு முடிந்துவிடுகிறது.

நம் நாளிதழ்களின் பழக்கம் நமக்குத் தெரியாததா? ஒருவர் கைதானால் முதல் பக்கம், போட்டோவோடு. ஆறேழு வருஷம் கழித்து விடுதலையானால், வந்தால் உண்டு. இப்போது அந்த மனிதர் தீர்ப்பு நகலை எடுத்துக்கொண்டு உரையாடல் பக்கத்துக்குப் போகிறார் என்று வையுங்கள். நீதிமன்ற ஆவணம் முதல்நிலை ஆதாரம், வாழும் ஒருவரைப் பற்றிய கூற்றுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று விதி இருக்கிறது. யாரும் கோர்ட் கட்டுகளைத் தோண்டி ஒருவரை நாறடிக்கக் கூடாது என்பதற்காக எழுதிய நல்ல விதி. இங்கே அது குற்றமற்றவரின் கழுத்தைப் பிடிக்கிறது. கைதுக்கு ஆதாரம் இருக்கிறது, விடுதலைக்கு இல்லை. மாண்டெலுக்கு ஸ்லேட் வந்தது, ராத்துக்கு நியூயார்க்கர் இடம் கொடுத்தது. இவருக்கு யார் பேட்டி எடுப்பார்கள்?

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. வாழும் ஒருவரைப் புண்படுத்தும் தகவல் ஒரே நாள் செய்தியை நம்பி நிற்கிறது, அவர் அதை மறுக்கிறார் என்றால், முதலில் எடுத்துவிடுங்கள். திரும்பச் சேர்க்க நினைப்பவர், அந்தச் செய்திக்குப் பிறகு என்ன நடந்தது என்பதையும் தேடிக்கொண்டு வரட்டும். அதுவரை அந்த வரி காலியாக இருக்கட்டும். அரசியல்வாதிகள் இதைப் பயன்படுத்தித் தப்பிவிடுவார்கள் என்பார்கள். ஒரே ஒரு செய்தியில் மட்டும் அகப்பட்ட அரசியல்வாதியை எனக்குக் காட்டுங்கள், அப்புறம் பேசலாம்.