யானையைத் தாங்கும் சவுக்குக் கட்டை

பிச்சாவரத்தில் படகு சவாரி போனவர்கள் சுரபுன்னை மரங்களைப் பார்த்திருப்பீர்கள். அடிமரத்திலிருந்து வளைந்து வளைந்து சேற்றில் இறங்கும் வேர்கள், காலை அகட்டி நிற்கும் பயில்வானைப் போல! சேற்றில் நிற்பவனுக்கு ஒற்றைக் கால் உதவாது என்பது அந்த மரத்துக்குத் தெரிந்திருக்கிறது. நம் மேஸ்திரிகள் சிலருக்குத்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

அதே கடலூர்க் கடற்கரை மணலில் சவுக்கும் ஏராளமாக வளர்கிறது. இரும்புக் கால்கள் வந்துவிட்ட பிறகும், பல வீடுகளில் மேல்தளம் போடும்போது முட்டுக் கொடுப்பது சவுக்குக் கட்டைதான். வீடு கட்டிக்கொண்டிருக்கும் சகோதரிகள் ஒரு கணக்கைக் கேளுங்கள். பத்தடிக்குப் பத்தடி அறை. ஐந்து அங்குலத் தளம். அந்தக் கான்கிரீட்டின் எடை சுமார் 3 டன். ஒரு கோயில் யானையை மாடியில் ஏற்றி நிறுத்தியது போலத்தான்! ஈரக் கான்கிரீட்டுக்குச் சொந்தமாக பலம் கிடையாது. யானை முழுவதும் கட்டைகளின் தலையில்.

அப்படியானால் கட்டைகளை நெருக்கி நெருக்கி நட்டுவிடலாமே என்று தோன்றும். செலவுதான் ஏறும். ஒல்லியான கால் நசுங்கி விழுவதில்லை. நடுவில் வளைந்துதான் விழுகிறது. ஆய்லர் என்ற சுவிஸ் கணித மேதை 18-ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கணக்கிட்டுவிட்டார். அதே பருமனுள்ள காலின் நீளம் இரு மடங்கானால், அது வளையாமல் தாங்கும் பாரம் கால்வாசியாகிவிடும். இதையே திருப்பிப் பாருங்கள்: காலின் நடுவில் இரண்டு திசையிலும் அசையாமல் பிடித்துக் கட்டினால் நாலு பங்கு தாங்கும்! குறுக்குச் சட்டம் மட்டும் போதாது. எல்லாக் கால்களும் கை கோத்துக்கொண்டு ஒரே பக்கமாகச் சாய்ந்துவிடக் கூடும். மூலைவாட்டிலும் கட்டைகள் வேண்டும். சுரபுன்னையின் சாய்வான வேர்கள் ஞாபகம் வருகிறதல்லவா?

அடியில் என்ன இருக்கிறது என்றும் குனிந்து பாருங்கள். வெறும் மண்ணில் நின்றால் ஒரு மழைக்குக் கால் இறங்கிவிடும். கனமான பலகை போடச் சொல்லுங்கள். உயரம் போதவில்லை என்று செங்கல்லை அடுக்கி அதன்மேல் கட்டையை நிறுத்தியிருந்தால், வேலையை நிறுத்திவிடுங்கள். சங்கோசம் வேண்டாம்.

முட்டுக் கொடுப்பதில் மகா சாமர்த்தியம் என்றால் சுவிட்சர்லாந்தின் சால்கினாடோபல் பாலம்தான். 1930-இல் முடிந்த 90 மீட்டர் கான்கிரீட் வளைவு அது. வடிவமைத்தவர் ராபர்ட் மையார். மரச் சாரம் கட்டியவர் ரிச்சர்டு கோரே. பாலம் முழுவதையும் தாங்கும்படி சாரம் கட்டினால் ஒரு காடே காலியாகியிருக்கும். முதலில் வளைவின் மெல்லிய அடித்தகட்டை மட்டும் வார்த்தார்கள். அது இறுகியதும் மிச்சப் பாரத்தை அதுவே சுமந்துகொண்டது. அதனால் சாரம் இலேசாக இருந்தும் போதுமானதாயிற்று.

நம் வீட்டிலும் சிக்கனத்துக்கு வழி இருக்கிறது. சீக்கிரம் பிரிப்பது அந்த வழியல்ல. வாடகை நாள் கணக்கில் ஓடுகிறதே என்று மேஸ்திரி அவசரப்படுவார். இந்தியத் தர நிர்ணய விதி 456, சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்குச் சொல்வது இது: 4.5 மீட்டர் வரையிலான தளத்துக்கு முட்டுக்கள் 7 நாள் நிற்க வேண்டும். அதற்கு மேல் 14 நாள். உத்தரமானால் 6 மீட்டர் வரை 14 நாள். அதைத் தாண்டினால் 21. சாம்பல் கலந்த சிமெண்டுக்கு இன்னும் சில நாள் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் தளத்தின் அடித்தகடுகளை 3 நாளிலேயே கழற்றி அடுத்த அறைக்குக் கொண்டுபோகலாம். முட்டுக்களை மட்டும் அந்தக் கணமே திரும்ப நிறுத்திவிட வேண்டும். லாபம் அங்கேதான்.

பிரிக்கிற நாளில் கீழே சித்தாள் யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தளத்துக்கு நடுவிலிருந்து தொடங்கிச் சுவரை நோக்கி எடுக்க வேண்டும். பால்கனிக்கு அப்படியல்ல, நுனியில் தொடங்கிச் சுவர்ப் பக்கம் வர வேண்டும்.