எமர்சன் டெனன்ட்: நூலும் பதவியும்

நாவுல, தம்புள்ளைக்கும் மாத்தளைக்கும் இடைப்பட்ட சிற்றூர். 1848 ஜூலை இறுதியில் இப்பகுதி கொந்தளித்தது. தம்புள்ளை விகாரையில் மன்னராக முடிசூடிய கொங்காலேகொட பண்டாவின் ஆட்கள் மாத்தளை நோக்கித் திரண்டனர். துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் அரசு விதித்த வரிகளே உடனடிக் காரணம்.

அப்போது இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்தவர் சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட். 1831இல் பாரிஸ்டரானவர், பெல்பாஸ்ட் தொகுதியின் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர். இலங்கையில் அவர் பதவி வகித்தது 1845 முதல் 1850 வரை மட்டுமே. ஏற்றுமதித் தீர்வைகளை நீக்கி நேரடி வரிக்கு மாறுமாறு பரிந்துரைத்த அறிக்கை அவருடையதே.

இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. ஆகஸ்ட் 8ஆம் திகதி புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். பிக்கு ஒருவர் காவியுடையுடனேயே சுடப்பட்டார். சட்டம் கற்றவர் அங்கம் வகித்த ஆட்சியிலேயே இவை நடந்தன. லண்டன் பாராளுமன்றக் குழு விசாரித்தது. 1850இல் ஆளுநர் டொரிங்டன் பதவி விலகினார். டெனன்டுக்கோ பின்னர் லண்டனில் உயர்பதவிகள் கிடைத்தன.

1859இல் வெளிவந்த 'இலங்கை' என்னும் அவரது இரு தொகுதி நூலை நாம் இன்றும் மேற்கோள் காட்டுகிறோம். காட்டலாம். ஆனால் அந்த வரிக்கொள்கைக்கு வித்திட்டதும் அதே பேனாதான் என்பதை மறந்துவிட்டு அதனை வாசிப்பது முறையன்று.