பெட்டியைச் சோதித்தது யார்?

சித்தூர், திருப்பதிப் பக்கத்திலிருந்து வெளிநாட்டுக்கு வருகிறவர்கள் இரண்டு விதம். ரேணிகுண்டாவில் ஏறி ஐதராபாத் போய் அங்கிருந்து மாறுகிறவர்கள் ஒரு விதம். டாக்சி பிடித்து நகரி, ஊத்துக்கோட்டை என்று ஏதாவது ஒரு வழியில் நேராகச் சென்னைக்குப் போய்விடுகிறவர்கள் இன்னொரு விதம். நம்மாட்களில் இரண்டாவது ரகம்தான் அதிகம். மாநிலம் வேறாக இருந்தாலும் அந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு மீனம்பாக்கம்தான் சொந்த விமான நிலையம்.

அங்கே பெட்டியைப் போட்டால், வழியில் துபாயிலோ தோஹாவிலோ நாம் இறங்கி மாறினாலும், பெட்டியை மறுபடி பார்ப்பது கடைசி ஊரில்தான். நம்மோடு பறக்கிற 300 பேரின் பெட்டிகளும் அப்படித்தான். ஒன்று கராச்சியில் போட்டது, ஒன்று காத்மாண்டுவில், ஒன்று டாக்காவில். அவற்றையெல்லாம் யார் சோதித்தார்கள், எப்படிச் சோதித்தார்கள் என்று நாம் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் சொல்ல ஆள் கிடையாது. நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

மீனம்பாக்கத்தையே எடுத்துக்கொள்வோம். 1984 ஆகஸ்ட் 2. கொழும்பு போகும் ஏர் லங்கா விமானத்துக்கு ஒருவர் இரண்டு பெட்டிகளைப் போட்டார். பெட்டி உள்ளே போனது, ஆள் ஏறவில்லை. குண்டு வெடித்திருக்க வேண்டிய இடம் கொழும்பு. ஆள் வராததால் பெட்டிகளை விமானத்தில் ஏற்றாமல் நிறுத்தினார்கள். அதுவரை சரி. ஆனால் நிறுத்திய பெட்டிகளை விமான நிலையத்துக்குள்ளேயே வைத்திருந்தார்கள். குண்டு இருக்கிறது என்று தொலைபேசியில் எச்சரிக்கையும் வந்தது. கடத்தல் சரக்கை வெளியே எடுக்க யாரோ விளையாடுகிறார்கள் என்று அதிகாரிகள் நினைத்ததாகப் பின்னர் சொல்லப்பட்டது. இரவு 10.50 வாக்கில் வெடித்தது. சுமார் 30 பேர் செத்தார்கள். அவர்களில் பலர் இலங்கைப் பயணிகள். வைத்தது தமிழீழ இராணுவம் என்ற சிறு குழு. (இதைச் சொல்லும்போது நம்மில் சிலருக்குச் சங்கடமாக இருக்கும். இருக்கட்டும். செத்தவர்கள் யாருடைய அரசியலுக்கும் பொறுப்பாளிகள் இல்லை.)

கொழும்புக்கு வைத்த குண்டு சென்னையில் வெடித்தது. ஒரு நாட்டின் கவனக்குறைவு அடுத்த நாட்டுக்காரனின் உயிரை எடுக்கும் என்பதற்கு இதைவிடக் கிட்டத்து உதாரணம் நமக்கு வேண்டியதில்லை. அடுத்த வருடம், 1985 ஜூன் 23 அன்று கனிஷ்கா. வான்கூவரில் போட்ட பெட்டி டொரன்டோவில் மாறி ஏர் இந்தியாவில் ஏறியது, பெட்டிக்காரர் ஏறவில்லை. 329 பேர் அட்லாண்டிக்கில் போனார்கள். அதே நாளில் இன்னொரு பெட்டி டோக்கியோ நரிட்டாவில் வெடித்து இரண்டு ஜப்பானிய சுமைப் பணியாளர்களைக் கொன்றது. 1986 மே 3 அன்று கொழும்பு விமான நிலையத்தில், மாலே போகவிருந்த ஏர் லங்கா விமானத்தில் குண்டு வெடித்து 21 பேர். ஆள் ஏறாவிட்டால் பெட்டியும் போகக்கூடாது என்ற விதியை உலகம் இறுக்கிப் பிடித்தது இந்தச் சாவுகளுக்குப் பிறகுதான். நம் நாட்டில் பி.சி.ஏ.எஸ். என்கிற விமானப் பாதுகாப்புப் பிரிவு தனித் துறையாக ஆனதும் 1987 ஏப்ரலில், கனிஷ்காவுக்குப் பிறகே.

1999 டிசம்பர் 24-ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஐ.சி. 814 கடத்தப்பட்டது இந்திய மண்ணிலிருந்து புறப்பட்டு அல்ல. காத்மாண்டுவில் ஆயுதத்தோடு ஏறினார்கள். அம்ரித்சர், லாகூர், துபாய், காந்தஹார் என்று எட்டு நாள். கடைசியில் மூன்று பேரைச் சிறையிலிருந்து விட்டுத்தான் பயணிகளை மீட்க முடிந்தது. அதன் பிறகு நாம் என்ன செய்தோம்? இந்தியன் ஏர்லைன்ஸ் சில மாதம் காத்மாண்டு பக்கமே போகவில்லை. 2000-ல் மறுபடி போனபோது, நேபாளக்காரர்கள் சோதித்து அனுப்பும் பயணிகளை விமானப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நம்மாட்கள் இன்னொரு தடவை சோதிப்பது என்று ஏற்பாடு. அந்த நேரத்துக்கு அது நியாயம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது ஒத்துழைப்பு இல்லை. 'உன்னை நம்பவில்லை, நானே பார்த்துக்கொள்கிறேன்' என்பது.

என் தொழிலில் இதற்கு நேர் உதாரணம் இருக்கிறது. நைரோபியில் என் கவுன்டரில் பணம் கட்டுகிற வாடிக்கையாளரைத் திருப்பதிக் கிளைக்காரர் பார்த்ததே இல்லை. இடையில் நியூயார்க்கிலோ லண்டனிலோ ஒரு வங்கி இருக்கும், அதுவும் பார்த்ததில்லை. எல்லோரும் நான் அடையாள அட்டை வாங்கிச் சரிபார்த்திருப்பேன் என்று நம்பித்தான் பணத்தைக் கடத்தி விடுகிறார்கள் (நல்ல அர்த்தத்தில்!). அந்த நம்பிக்கை சும்மா வந்ததல்ல. ஒரு நாட்டின் வங்கிச் சட்டங்களை மற்ற நாட்டு நிபுணர்கள் வந்து புரட்டிப் பார்த்து அறிக்கை எழுதுவார்கள். சரியில்லை என்றால் சாம்பல் பட்டியல். கென்யாவை 2024 பிப்ரவரியில் அதில் சேர்த்தபோது எங்கள் தலைவலி எங்களுக்குத்தான் தெரியும்.

விமானத்துறையிலும் இப்படி ஒரு தணிக்கை உண்டு. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, ஐ.நா.வின் சர்வதேச சிவில் விமான அமைப்பு (ஐ.சி.ஏ.ஓ.) 2002-ல் தொடங்கியது. ஆனால் அதன் விவரங்கள் வெளியே வராது. ஓட்டை எங்கே என்று ஊருக்குச் சொன்னால் திருடனுக்கும் தெரிந்துவிடும் என்பது காரணம். ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் பக்கத்து நாடுகளாவது உட்கார்ந்து ஒருவர் கணக்கை ஒருவர் பார்க்க வேண்டாமா?

இங்கே கிழக்கு ஆப்பிரிக்காவில் அதைச் செய்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். நம் ஊரில் ஆப்பிரிக்கா என்றால் ஒரு ஏளனம் உண்டு, தெரியும். ஆனால் 2007-லேயே கிழக்கு ஆப்பிரிக்க சமூக நாடுகள் சேர்ந்து விமானப் பாதுகாப்புக் கண்காணிப்புக்கென்று காசோவா என்ற பொது அமைப்பை உண்டாக்கின. தலைமையகம் உகாண்டாவின் என்டபே. கென்யா, உகாண்டா, தான்சானியா, ருவாண்டா, புருண்டி எல்லாவற்றுக்கும் விதிகளை ஒரே மாதிரி ஆக்குவதும், ஒரு நாட்டில் இல்லாத ஆய்வாளரை இன்னொரு நாட்டிலிருந்து அனுப்புவதும் அதன் வேலை. காரணம் தாராள மனசு இல்லை, வறுமை. பயிற்சி பெற்ற ஆய்வாளர்களைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளச் சின்ன நாடுகளுக்குக் கட்டுப்படியாகாது. (தமிழில் ஒரு சிக்கல்: விமானம் பழுதாகாமல் பறப்பதும் பாதுகாப்பு, குண்டு வைக்காமல் பார்ப்பதும் பாதுகாப்பு. காசோவா இரண்டையும் பார்க்கிறது. நான் பேசுவது இரண்டாவதை.)

எல்லாம் பொன்மயம் என்று சொல்லவில்லை. 2002 நவம்பர் 28 அன்று மொம்பாசாவில் புறப்பட்ட இஸ்ரேலிய விமானத்தின் மீது இரண்டு ஏவுகணைகளை விட்டார்கள், தெய்வாதீனமாகத் தவறின. அவை வந்தது சோமாலியா வழியாக. பிறகு பல வருடங்கள், மொகடிஷுவிலிருந்து நைரோபி வரும் விமானங்களை வஜீர் என்ற எல்லைப்புற ஊரில் இறக்கிச் சோதித்துத்தான் விட்டார்கள். தளர்த்தினார்கள், 2019 மே மாதம் மறுபடி கொண்டுவந்தார்கள், நவம்பரில் எடுத்தார்கள். கிழவிகளும் கைக்குழந்தைக்காரிகளும் அந்த வெயிலில் இறங்கி ஏறியதை நினைத்துப் பாருங்கள். காத்மாண்டு படிக்கட்டுச் சோதனையின் அண்ணன் இது.

அந்தச் சோதனைக்கு ஒரு நியாயமும் இருந்தது. 2016 பிப்ரவரி 2 அன்று மொகடிஷுவிலிருந்து ஜிபூட்டி போன டாலோ விமானத்தில் மடிக்கணினிக்குள் குண்டு. சோதனை முடிந்து உள்ளே போன பயணியின் கையில் அதைக் கொடுத்தவர்கள் விமான நிலைய ஊழியர்கள், கேமராவில் பதிவாகியிருந்தது. விமானத்தின் பக்கவாட்டில் ஓட்டை விழுந்து வைத்தவனே வெளியே போனான், மற்றவர்களோடு விமானம் திரும்பி வந்து இறங்கியது. எந்த எக்ஸ்ரே இயந்திரமும் உள்ளாளைப் பிடிக்காது. அவன் சம்பளம், அவன் பின்னணி, அவனை வேலைக்கு எடுத்தது யார் என்று பார்க்க வேண்டும். வங்கியிலும் பெரிய மோசடி என்றால் முதலில் உள்ளே யார் என்றுதான் தேடுவோம்.

நம் சேஷாசலம் மலையிலிருந்து வெட்டும் செம்மரம் சென்னைத் துறைமுகத்திலும் விமான நிலையச் சரக்கிலும் எத்தனை தடவை பிடிபட்டிருக்கிறது! வெட்டப் போன கூலிக்காரர்கள் 20 பேரை 2015 ஏப்ரல் 7 அன்று சுட்டுக் கொன்றார்கள். கட்டையை வேறு பெயர் போட்டுச் சரக்கில் ஏற்றிவிடுகிறவனைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை. இங்கே நைரோபியில் அதே வழியில் யானைத் தந்தம். மரமும் தந்தமும் போகிற ஓட்டை வழியே வேறு எதுவும் போகலாம். 2010 அக்டோபரில் ஏமனிலிருந்து பிரிண்டர் மைக் குப்பிகளில் வைத்த குண்டுகள் சரக்கு விமானங்களில் ஏறியே விட்டன. சவூதி அரேபியா துப்புக் கொடுத்ததால்தான் துபாயிலும் இங்கிலாந்திலும் பிடித்தார்கள். காப்பாற்றியது இயந்திரம் இல்லை, சரியான ஆளுக்குச் சரியான நேரத்தில் போன தகவல்.

தகவல் இருந்தும் கோட்டைவிட்ட கதை 2009 கிறிஸ்துமஸ் அன்று நடந்தது. உள்ளாடையில் குண்டோடு டெட்ராய்ட் வரை பறந்த நைஜீரிய இளைஞன். அக்ராவில் ரொக்கம் கொடுத்து டிக்கெட், லாகோசில் மாற்றம், ஆம்ஸ்டர்டாமில் இன்னொரு மாற்றம். அவன் அப்பா பெரிய வங்கி ஒன்றின் தலைவராக இருந்தவர். மகன் போக்கு சரியில்லை என்று ஒரு மாதம் முன்பே அபுஜாவிலிருந்த அமெரிக்கத் தூதரகத்தில் போய்ச் சொல்லியிருக்கிறார். ஒரு தகப்பன் இதற்குமேல் என்ன செய்வான்? நான்கு மாதத்துக்குள் ஆப்பிரிக்க அமைச்சர்கள் அபுஜாவில் கூடி விமானப் பாதுகாப்பைப் பற்றிப் பேசினார்கள். நம் பக்கத்திலும் இதே கதைதான். 2019 ஈஸ்டருக்கு இரண்டு வாரம் முன்பே இந்தியா கொழும்புக்கு எச்சரிக்கை கொடுத்தது. அது மேசையிலிருந்து மேசைக்குப் போய்ச் சேரவில்லை, 250-க்கு மேல் சாவு. அன்று மாலை கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போகும் சாலையிலும் ஒரு குண்டைக் கண்டெடுத்துச் செயலிழக்கச் செய்தார்கள்.

தெற்காசியாவில் காசோவா போல ஒன்று ஏன் இல்லை? சார்க் நாடுகள் 1987-லேயே பயங்கரவாதத்துக்கு எதிராக உடன்படிக்கை போட்டன. சார்க் உச்சி மாநாடு கடைசியாக நடந்தது 2014-ல். இந்தியாவும் பாகிஸ்தானும் சண்டை தீர்த்துக்கொள்ளும்வரை காத்திருந்தால் நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் நடக்காது. எட்டுப் பேரும் வேண்டாம். இந்தியா, இலங்கை, நேபாளம், மாலத்தீவு நான்கும் தொடங்கட்டும். வருடத்துக்கு இரண்டு தடவை நம் ஆய்வாளர்கள் கட்டுநாயக்கவையும் பலாலியையும் பார்க்கட்டும், அவர்கள் வந்து சென்னையையும் திருச்சியையும் பார்க்கட்டும். 'பெரிய நாட்டுக்குள் சின்ன நாடு வந்து தணிக்கை செய்வதா' என்று டெல்லியில் முகம் சுளிப்பார்கள். 1984-ல் ஓட்டை எந்த ஊரில் இருந்தது என்று நினைவுபடுத்தினால் போதும்.

எனக்கு உள்ளூரப் பயம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நாடுகள் சேர்ந்து பட்டியல் பகிர்ந்தால் பெயர்களும் பகிரப்படும். நம் பெயர்களின் லட்சணம் தெரியுமே! இனிஷியல் ஒரு பாஸ்போர்ட்டில் முன்னால், இன்னொன்றில் பின்னால், அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிடும், செல்வகுமாரும் செல்வக்குமாரும் வேறு வேறு ஆள். வங்கியின் தடைப்பட்டியல் மென்பொருள் தினமும் ஏதாவது ஒரு அப்பாவியின் பெயரைச் சிவப்பாகக் காட்டும். பிறந்த தேதி, ஊர் எல்லாம் ஒப்பிட்டு விடுவிப்பதற்குள் அவர் பணம் இரண்டு நாள் நின்றிருக்கும். பணம் நின்றால் ஈடுகட்டலாம். யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி பிள்ளையோடு ஏதோ ஒரு விமான நிலையத்தில் தனி அறையில் நின்றால் அவளுக்கு யார் பதில் சொல்வது? தவறாகச் சேர்ந்த பெயரை இத்தனை நாளுக்குள் நீக்க வேண்டும், அதற்கு இந்த அலுவலகத்தில் மனுப் போடலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதாமல் ஒரு பட்டியலும் எல்லை தாண்டக் கூடாது.