கொல்கத்தாவில் சாப்பிட ஒன்றும் இல்லையாமே?

ஊரிலிருந்து யாராவது கொல்கத்தாவுக்கு வருகிறார்கள் என்றால் எனக்கு வரும் கேள்விகள் இரண்டே இரண்டுதான். "ரெண்டு நாள் போதும்ல?" அடுத்தது, "நம்ம சாப்பாடு கிடைக்குமா? எல்லாத்துலயும் மீனைப் போட்டுடுவாங்களாமே?"

விக்டோரியா மெமோரியல், ஹவுரா பாலம், தட்சிணேஸ்வரம், பேலூர் மடம், வேளாவேளைக்கு தோசை, கடைசியில் ஒரு டின் ரசகுல்லா. முடிந்தது கொல்கத்தா. திரும்பிப் போய், "ஒரே அழுக்கு, ஏழை ஊருப்பா" என்று தீர்ப்பும் சொல்லியாகிவிடும்.

நம் ஆட்களை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. 'சிட்டி ஆஃப் ஜாய்' என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அந்தப் பெயரே 1985ல் தொமினிக் லாப்பியேர் ஹவுரா குடிசைப்பகுதி ஒன்றை வைத்து எழுதிய நாவலின் தலைப்புதான். ஊருக்கே வறுமை முத்திரை குத்தியாகிவிட்டது.

என் கட்சி இதுதான்: இந்த ஊரைப் புரிந்துகொள்ள இங்குள்ளவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். சைவக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வங்காளிச் சாப்பாடு கசப்பில் ஆரம்பிக்கும். பாகற்காய், வாழைக்காய், முருங்கைக்காய், கத்தரிக்காய், வடகம் எல்லாம் போட்டுச் செய்யும் சுக்தோதான் முதல் ஐட்டம். அப்புறம் வாழைப்பூவில் மோச்சார் கொண்டோ, கசகசா அரைத்துவிட்ட ஆலு போஸ்தோ. வாழைத்தண்டும் உண்டு, பலாப்பிஞ்சும் உண்டு. நம் பாட்டி சமையல் மாதிரி இல்லை?

இந்தச் சைவச் சமையலை இவ்வளவு நுணுக்கமாக வளர்த்ததில் பெரும் பங்கு விதவைகளுடையது. அந்தக் காலத்து உயர்சாதி வீடுகளில் அவர்களுக்கு மீன், இறைச்சி, வெங்காயம், பூண்டு, மசூர் பருப்பு எல்லாமே விலக்கு. அவர்களில் சின்னஞ்சிறு பெண்களும் உண்டு. மிச்சம் இருந்த காயையும் தோலையும் தண்டையும் வைத்துக்கொண்டு அவர்கள் கண்டுபிடித்த ருசி இது. சமஸ்கிருதக் கல்லூரியில் இருந்த ஈஸ்வர சந்திர வித்யாசாகர் போராடி விதவை மறுமணச் சட்டம் வந்தது 1856ல். அந்தக் கல்லூரி காலேஜ் தெருப் பக்கம்தான் இருக்கிறது. நம் டூர் லிஸ்டில் அது வருவதே இல்லை.

அதே 1856ல்தான் ஆங்கிலேயர்கள் பதவியைப் பறித்த லக்னோ நவாப் வாஜித் அலி ஷா இங்கே வந்து சேர்ந்தார். மெட்டியாபுருஸில் ஒரு குட்டி லக்னோவையே கட்டிக்கொண்டு 1887ல் சாகும்வரை இங்கேயே இருந்தார். கூடவே வந்த சமையல்காரர்களின் கைவண்ணம்தான் கொல்கத்தா பிரியாணி. அதில் ஒரு முழு உருளைக்கிழங்கு இருக்கும். "நவாபுக்குக் காசில்லை, கறிக்குப் பதில் கிழங்கு" என்று கதை சொல்வார்கள். ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் பென்ஷன் வாங்கியவருக்கா காசில்லை? அன்று உருளைக்கிழங்கு புதுச் சரக்கு, ஆசைப்பட்டுப் போட்டார்கள் என்பது அவர் வம்சத்தினர் சொல்லும் பதில். எனக்கு இதுதான் நம்பும்படி இருக்கிறது. கொல்கத்தா என்றாலே வறுமை என்று முடிவு கட்டிவிட்டதால் கிழங்கைக்கூட விடவில்லை பாருங்கள் :-)

இன்னொன்று பைஸ் ஹோட்டல். சில பைசாவுக்குச் சோறு போட்டதால் வந்த பெயர். படிக்கவும் வேலைக்கும் கிராமத்திலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியவர்களுக்காக உண்டானவை. நம்ம திருவல்லிக்கேணி மேன்ஷனும் மெஸ்ஸும் மாதிரியேதான். காலேஜ் தெருவுக்குப் பக்கத்தில் ஸ்வாதீன் பாரத் ஹிந்து ஹோட்டல், நியூ மார்க்கெட் பக்கம் ஜான்பஜாரில் சித்தேஸ்வரி ஆசிரமம். சாதம், பருப்பு, காய், மீன் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கணக்கு. வாழை இலைக்கும் எலுமிச்சைத் துண்டுக்கும்கூடத் தனியாகக் காசு போடும் கடைகள் உண்டு.

விதவை, நாடு இழந்த நவாப், பிழைக்க வந்த இளைஞன். கொல்கத்தாவின் ருசிக்குப் பின்னால் இருப்பவர்கள் இப்படித்தான் எதையோ விட்டுவிட்டு வந்தவர்கள், எதையோ இழந்தவர்கள். நம்மைப் போல ஊரை விட்டு வந்தவர்களுக்கு இது புரியாவிட்டால் வேறு யாருக்குப் புரியும்?

"மதராசியா? இட்லி சாம்பார்தானே?" என்று யாராவது கேட்டால் நமக்குச் சுர்ரென்று வருகிறது. நம் வீட்டு வத்தக்குழம்பும் தெரியாமல், செட்டிநாட்டுக்கும் தஞ்சாவூருக்கும் வித்தியாசமும் தெரியாமல் என்ன பேச்சு என்று கோபப்படுகிறோம். அதே நாம் வங்காளிகளை "மீன், ரசகுல்லா" என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். லேக் மார்க்கெட்டில் நம் தோசைக்கு வங்காளிக் குடும்பங்கள் சகஜமாக வந்து உட்காருகின்றன. நாமும் பதிலுக்கு ஒரு நாள் அவர்கள் இலையில் உட்காரலாமே.

குழந்தைகளோடு வருபவர்கள் விக்டோரியாவைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு மதியத்தை மட்டும் இதற்காக ஒதுக்குங்கள். சுக்தோவின் கசப்புக்கு முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், அந்தப் பெண்களின் கதையை அப்போது சொல்லுங்கள்.

பி.கு.: சைவக்காரர்கள் "நிராமிஷ்" என்று கேட்டு வாங்குங்கள். வாழைப்பூவில் இறாலும், பருப்பில் மீன் தலையும் சேர்ப்பதுண்டு. மீன் வேகும் அதே அடுப்படி வேண்டாம் என்பவர்கள் துர்கா பூஜை சமயத்தில் வாருங்கள். பந்தல்களில் பிரசாதமாகக் கொடுக்கும் கிச்சுரியில் வெங்காயம், பூண்டுகூட இருக்காது.