பரப்பும் உரிமை எவர் இட்ட பிச்சை?

மதத்தைப் பரப்பும் உரிமை, பெரும்பான்மையினர் மனமிரங்கிச் சிறுபான்மையினர்க்கு இட்ட பிச்சை என்று மேடைகளில் முழங்குகின்றனர். நம்மவருள் சிலரும் அதற்கு அஞ்சித் தலையசைக்கின்றனர். இரு சாராரும் அரசியலமைப்புச் சட்டம் உருவான வரலாற்றை மறந்தவர்களே.

அடிப்படை உரிமைகளுக்கான துணைக்குழுவின் முதல் வரைவில், ஒரு மதத்தை ஏற்கவும் பின்பற்றவும் மட்டுமே உரிமை இருந்தது. 1947 ஏப்ரலில் சிறுபான்மையினர் துணைக்குழுவில் சென்னை மாகாணக் கத்தோலிக்கரான ரத்னசாமி வாதாடினார். ‘பரப்பவும்’ என்னும் சொல்லைச் சேர்க்குமாறு அக்குழு பரிந்துரைத்தது. 1948 டிசம்பர் 6 அன்று அரசியல் நிர்ணய சபையில் அச்சொல்லை லோக்நாத் மிஸ்ரா கடுமையாக எதிர்த்தார். அதைக் காத்து நின்றவர் எவர்? கிருஷ்ணசாமி பாரதி, சந்தானம், டி. டி. கிருஷ்ணமாச்சாரி ஆகிய தமிழகத்து இந்துக்கள்! பதினான்கு ஆண்டுகள் கிறிஸ்தவ நிறுவனங்களில் பயின்றும் தம்மை எவரும் மதம் மாற்ற முயன்றதில்லை என்றார் கிருஷ்ணமாச்சாரி. இவ்வுரிமை ஆரிய சமாஜத்தார்க்கும் உண்டென நினைவூட்டினார். அனைவர்க்கும் பொதுவானது பிச்சையாகுமா?

1949 மே மாதத்தில் சட்டமன்றங்களில் மதச் சிறுபான்மையினர்க்கெனத் தனி இடங்கள் வேண்டாமென்னும் தீர்மானத்தை ஆலோசனைக் குழுவில் கொணர்ந்தவரும் வங்கக் கிறிஸ்தவரான எச். சி. முகர்ஜியே. சலுகையைத் துறந்து உரிமையைப் பேணியவர்களை இரவலர் என்பது நன்றியின்மை.

‘இஃது அந்நியச் சரக்கு’ என்பாரும் உளர். அவர்கள் காஞ்சியின் திருப்பருத்திக்குன்றத்திற்கு வரட்டும். சமணர் போற்றும் திரைலோக்கியநாதர் கோயில் அங்கே நிற்கிறது. சமணமும் பௌத்தமும் சைவமும் வைணவமும் தத்தம் நெறியை எடுத்துரைத்து வளர்ந்த நகர் காஞ்சி. அப்பரால் மகேந்திரவர்மன் சமணம் விட்டுச் சைவனானான் என்பது மரபு. அன்று நெறியைப் பரப்புதல் குற்றமாயிருந்ததா?

பிறரை மதம் மாற்றும் உரிமை இதில் அடங்காதென 1977-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வன்முறையையும் வஞ்சகத்தையும் நாமும் வெறுக்கிறோம். ஆயினும் 25-ஆம் பிரிவு முதலில் உரைப்பது மனச்சான்றின் சுதந்திரத்தையே. அது பேசுபவர்க்கு மட்டும் உரியதன்று. கேட்டுத் தேர்பவர்க்கும் உரியது. தமிழகத்தில் 2002-இல் பிறந்து 2004-இல் நீக்கப்பட்ட கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம், மதம் மாறியதை மாவட்ட ஆட்சியர்க்குத் தெரிவிக்கும்படி செய்தது. ஒருவரது மனச்சான்று ஆட்சியரிடம் கணக்குக் காட்ட வேண்டுமா?

ஆகவே இவ்வுரிமைக்காகத் தேர்தல்தோறும் எவர் வாயிலிலும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. நம்மோடு மாறுபடும் நெறியார்க்கும் அதே உரிமை மறுக்கப்படும்போது முதற்குரல் நமதாக இருக்கட்டும். 1948-இல் அவர்கள் நமக்காகச் செய்தது அதுவே.